மீன் போச்சு, செடி போச்சு, காப்பி வந்துச்சு: ஹாபி மாறுறப்போ உள்ள என்ன நடக்குது

போன மாசம் பைப் ஒழுகி ஸ்டோர் ரூம் சுவரு ஊறிப்போச்சு, அதனால பினாங்கு ஜெலுத்தோங் ஃப்ளாட்டுல உள்ள இருக்கிற சாமான எல்லாம் ஹாலுக்கு இழுத்துட்டு வர வேண்டியதாப் போச்சு. ரெண்டடி மீன் தொட்டி, கேனிஸ்டர் ஃபில்டர், அதோட டியூபு, அடுக்கடுக்கா பூந்தொட்டி, பாதி மூட்டை பெர்லைட், மண்ணில்லாம தண்ணிலயே செடி வளக்குற ஹைட்ரோபோனிக் பைப்பு நாலு, ஒரு கம்பி இல்லாத உகுலேலே, பேட்டரி மூடி காணாமப்போன ஃபிலிம் கேமரா. வீட்டுக்காரம்மா வாசல்ல நின்னு எல்லாத்தையும் ஒரு தடவ பாத்தாங்க. திட்டியிருந்தா பரவால்ல. "அடுத்தது என்னங்க?"ன்னு மட்டும் கேட்டுட்டு உள்ள போய்ட்டாங்க.

இதுக்கு நம்மகிட்ட ரெடியா பேரு இருக்கு, ஆரம்ப சூரத்தனம். மோகம் முப்பது நாள் ஆசை அறுபது நாள்னு கணக்கும் போட்டு வச்சிருக்காங்க. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான்னு அப்பா சொல்லுவாரு. மலாய்க்காரங்க இன்னும் ஒரு படி மேல போய் ஹங்காட்-ஹங்காட் தாஹி ஆயாம்னு சொல்றாங்க, அதாவது கோழி எச்சம் போட்ட சூட்டுக்குத்தான் சூடு, திரும்பிப் பாக்கிறதுக்குள்ள ஆறிடும். ஃபேக்டரில என் சூப்பர்வைசர் இத என் மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்காரு. எல்லா மொழியிலயும் குத்தம் ஆளு மேலதான், அவனுக்கு நிலையான புத்தி இல்ல, அவ்ளோதான் விளக்கம். எனக்கு அது பத்தல லா. ஒரே ஆளு வேலைக்கு பதினாலு வருஷமா ஒழுங்கா ஷிஃப்ட் போறான், கல்யாணம் பண்ணி குடும்பம் நடத்துறான், ஹாபில மட்டும் ஏன் ஒன்னரை வருஷத்துல கழண்டுக்குறான்? உள்ள வேற ஏதோ கணக்கு ஓடணும்ல.

மொதல்ல மண்டைக்குள்ள நடக்கிறது. டோபமின்னா சந்தோஷ கெமிக்கல்னு வாட்ஸ்அப்ல வர்றத நம்பாதீங்க, விஷயம் அதவிட வேடிக்கை. சுவிட்சர்லாந்துல வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ்னு ஒருத்தர் குரங்குகளோட மூளையில டோபமின் செல்லு எப்போ துடிக்குதுன்னு பாத்தாரு. எதிர்பாக்காத நேரத்துல ஒரு சொட்டு ஜூஸ் குடுத்தா செல்லு படபடன்னு துடிக்குது. ஜூஸுக்கு முன்னாடி ஒரு அடையாளம், உதாரணமா ஒரு லைட்டு, காட்டிக் காட்டி பழக்கினா, கொஞ்ச நாள்ல துடிப்பு அந்த லைட்டுக்குப் போயிடுது, ஜூஸ் வரும்போது ஒன்னுமே இல்ல. லைட் எரிஞ்சும் ஜூஸ் வரலன்னா துடிப்பு வழக்கத்தவிட கீழ இறங்குது. 1997ல பீட்டர் டயான், ரீட் மாண்டேகுவோட சேந்து இத அவரு விளக்கினாரு: செல்லு கணக்கு போடுறது பரிச இல்ல, எதிர்பாத்ததுக்கும் கிடைச்சதுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்த.

இப்போ ஷாப்பில, அதான் ஆன்லைன் கடையில, வாங்கின பார்சல நெனச்சுப் பாருங்க. பார்சல் கெளம்பிடுச்சுன்னு ஃபோன்ல வருதே, அந்த நேரத்துல இருக்கிற குஷி பெட்டிய பிரிச்சு ஒரு வாரம் கழிச்சு இருக்கா? குரங்குல பாத்தத அப்படியே மனுஷன் மேல ஒட்டிடக் கூடாதுதான், ஆனாலும் எனக்கு இது நல்லா பொருந்துது. புது ஹாபில முதல் ரெண்டு மாசம் எல்லாமே எதிர்பாக்காததுதான். சாதாரண வாதுமை எலை, இங்க கெத்தாப்பாங்னு சொல்றோமே, ரோட்டோரம் கொட்டிக் கெடக்கிறத பொறுக்கிட்டு வந்து தண்ணில போட்டா தண்ணி தேத்தண்ணி கலருக்கு மாறி சண்டை மீனுக்கு நல்லதாம். அத மொத தடவ தெரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல, சத்தியமா. ஒரு வருஷம் கழிச்சு அதே எலைய பொறுக்கிறது குப்பை பெருக்குற மாதிரி ஆயிடுச்சு.

ரெண்டாவது, கத்துக்கிற வேகம். இங்கதான் விஷயம் கனமா இருக்கு. 1897ல அமெரிக்காவுல இந்தியானா யூனிவர்சிட்டில வில்லியம் பிரையன், நோபிள் ஹார்ட்டர்னு ரெண்டு பேரு, ஹார்ட்டர் பழைய தந்தி ஆபரேட்டர், தந்தி கத்துக்கிற ஆளுங்கள வாராவாரம் டெஸ்ட் பண்ணி கோடு போட்டுப் பாத்தாங்க. தந்தி அனுப்புற திறமை சீரா ஏறிக்கிட்டே போகுது. ஆனா காதால கேட்டு எழுதுற திறமை கொஞ்ச தூரம் ஏறிட்டு அப்புறம் வாரக்கணக்கா அப்படியே படுத்துக்குது. எவ்ளோ பயிற்சி பண்ணாலும் நகரல. நெறைய பேரு இந்த எடத்துலதான் விட்டுட்டுப் போறாங்க. விடாம ஒட்டிக்கிட்டவங்களுக்கு கோடு திடீர்னு மறுபடி ஏறுது. அவங்க சொன்ன காரணம் என்னன்னா, ஆரம்பத்துல ஆளு எழுத்து எழுத்தா கேக்குறான், அது கைக்கு வந்துடுது, அடுத்து சொல்லு சொல்லா கேக்கப் பழகணும், அந்தப் பழக்கம் உள்ள மெதுவா கட்டுற வரைக்கும் வெளிய ஒன்னும் தெரியாது. 1958ல ஃபிரெட் கெல்லர்னு ஒருத்தர் அந்த சமதளமே ஒரு மாயைதான்னு எழுதினாரு, அதனால எல்லாருக்கும் எல்லாத்துலயும் இப்படித்தான்னு அடிச்சு சொல்ல முடியாது. ஆனா ஆரம்பத்துல வேகம் அப்புறம் மெதுவுங்கிறதுல யாருக்கும் பெருசா சண்டை இல்ல.

என் மீன் கதை அச்சு அசல் இதுதான். மொதல்ல தொட்டி வாங்கினேன், தண்ணி ஊத்தினேன், அன்னிக்கே மீன விட்டேன், நாலாவது நாள் மூனு செத்துப்போச்சு. கையில டிடிஎஸ் மீட்டர் இருந்துச்சு, தண்ணில எவ்ளோ கரைஞ்சிருக்குன்னு நம்பர் காட்டும், பேனா சைஸ்ல இருக்குமே அதான், நம்பர் அழகா கம்மியா காட்டுது, தண்ணி சுத்தம்னு நெனச்சுக்கிட்டேன். அந்த மீட்டர் தண்ணில கரண்ட் எவ்ளோ ஈஸியா ஓடுதுன்னு பாத்து அத ஒரு கணக்கால பெருக்கிக் காட்டுது, கரைஞ்சிருக்கிறது உப்பா சுண்ணாம்பான்னுகூட அதுக்குத் தெரியாது. மீன கொன்னது அமோனியா, அது கொஞ்சூண்டு இருந்தாலே போதும், நம்பர் அசையாது. அப்புறம்தான் படிச்சேன், மீன் கழிவுல வர்ற அமோனியாவ ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம், இன்னொரு வகை அத நைட்ரேட்டா மாத்தும், இந்தக் கூட்டம் ஃபில்டருக்குள்ள குடியேற நாலஞ்சு வாரம் ஆகும், பைப் தண்ணில இருக்கிற குளோரின் இந்தக் கூட்டத்தையும் சாகடிக்கும். இது புரிஞ்ச ரெண்டு மூனு மாசம் என் வாழ்க்கையிலேயே நல்லா தலைய விட்டுப் படிச்ச காலம், ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி இப்படி படிச்சிருந்தா எங்கயோ போயிருப்பேன்.

தொட்டி நெலைக்கு வந்துச்சு. மீன் சாகல. அங்கதான் பிரச்சனையே. செய்யறதுக்கு வாராவாரம் தண்ணி மாத்துறதத் தவிர ஒன்னும் இல்ல.

மீன் வளக்குறதுல இன்னொரு மாடி இருந்துச்சுன்னு அப்போ எனக்குத் தெரியல. கடையில விக்கிற வால் நீண்ட சண்டை மீனெல்லாம் தாய்லாந்து வழி, ஆனா நம்ம பினாங்குக்கே ஒரு சண்டை மீன் இருக்கு, பெட்டா புக்னாக்ஸ், 1849ல தியோடர் கேன்டர் இங்க கிடைச்ச மீன வச்சு பேரு வச்சது. மலையோர ஓடைல இருக்கும், ஆம்பள மீன் முட்டைய வாயில வச்சு காப்பாத்தும், நுரைக்கூடு கட்டாது. இது எனக்குத் தெரிஞ்சது தொட்டிய காலி பண்ணி எட்டு மாசம் கழிச்சு. எழுத்துல இருந்து சொல்லுக்குப் போறதுக்கு முன்னாடியே எறங்கிட்டேன்னு வைங்க.

இன்னொன்னு எனக்குத் தோணுறது, முன்னாடி ஒரு சமாச்சாரம் தெரியணும்னா ஒரு சிஃபுவ, அதான் தொழில் தெரிஞ்ச குருவ, தேடிப் போகணும், அவருக்கு மூடு இருந்தா சொல்லுவாரு, அஞ்சு வருஷம் இழுக்கும். இப்போ மூனு வாரம் வீடியோ பாத்தா அந்த அஞ்சு வருஷ செங்குத்து ஏத்தத்த முடிச்சிடுறோம். சமதளம் சீக்கிரமே வந்துடுது. புத்தி கெட்டுப்போச்சா இல்ல ஏத்தம் குட்டையாயிடுச்சான்னு கேட்டா நான் ரெண்டாவதுதான்னு சொல்லுவேன்.

மூனாவது சந்தை. மலேசியாவுல ஹாபிக்காரங்க பாஷையில ரெண்டு சொல்லு தெரிஞ்சா போதும், ராச்சுன், லெட்கோ. ராச்சுன்னா மலாய்ல விஷம். கூட்டாளி புது காப்பி கிரைண்டர் படத்த குரூப்ல போட்டு நம்ம ஆசைய கெளப்பி விட்டா அதுக்குப் பேரு ராச்சுன் போடுறது, வாங்கிட்டா கெனா ராச்சுன். லெட்கோன்னா வித்துத் தள்றது. விஷம் குடிக்கிறதும் எறக்குறதும் ஒரே ஃபோன்ல. கரோசெல், முடான்னு பழசு விக்கிற ஆப்பு, ஃபேஸ்புக் எல்லாத்துலயும் போட்டா ரெண்டு நாள்ல யாராவது வண்டி எடுத்துட்டு வந்துடுறான், அதுவும் முடியலன்னா காலையில லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தை பக்கம் போய் பாருங்க, ஸ்டேடியம் ஓரமா தார்ப்பாய் விரிச்சு பழைய வாட்ச், காசு, ஸ்பேனர், ஷூன்னு ஊருல இருக்கிறவன் விட்ட ஹாபியெல்லாம் அங்கதான் படுத்திருக்கும். வெளிய போற கதவு இவ்ளோ அகலமா இருந்தா உள்ள வர்றதுக்கு யாரு யோசிப்பா?

நடுவுல இருக்கிறது செலவு ஏணி. தொட்டி வாங்கினா அதுக்கேத்த லைட்டு, லைட்டுக்கேத்த செடி, செடிக்கு சிஓடூ. பிரெஞ்சு எழுத்தாளர் டிடரோ 250 வருஷத்துக்கு முன்னாடியே புது அங்கி ஒன்னு கிடைச்சு, அதுக்குப் பொருந்தலன்னு வீட்டு சாமானயெல்லாம் மாத்தி நொந்துபோனத எழுதிட்டாரு, கிராண்ட் மெக்ராக்கன்னு ஒரு ஆராய்ச்சியாளர் பின்னாடி அதுக்கு டிடரோ எஃபெக்ட்னு பேரும் வச்சாரு. ஏணி முடியற எடத்துல, அதாவது வாங்குறதுக்கு இனி ஒன்னும் இல்லங்கிற எடத்துல ஹாபியும் முடிஞ்சா, அந்த ஆளோட ஹாபி வாங்குறதுதான், மீன் இல்ல. கொஞ்சம் கடுமையா சொல்றேன், மொதல்ல எனக்கே சொல்லிக்கிறேன்.

சில நேரம் ஊரே ஒன்னா மாறும். லுவோஹான் ஞாபகம் இருக்கா? 2000 வாக்குல தலையில கொண்டை வச்ச அந்த மீனு, 90கள்ல இங்கயே கலப்பு பண்ணி உருவாக்கினது, உடம்புல இருக்கிற கறுப்புப் புள்ளிய சீன எழுத்துன்னு படிச்சாங்க, நம்பர்னு படிச்சாங்க. பட்டர்வொர்த்ல எங்க மாமா தொட்டி முன்னாடி பேப்பர் பென்சிலோட ஒக்காந்து ஃபோர்-டி, அதான் நாலு நம்பர் லாட்டரிக்கு, நம்பர் எடுப்பாரு. அடிச்சுச்சான்னு கேக்காதீங்க. எல்லாரும் வளத்து எல்லாரும் குஞ்சு பொரிச்சு வெல விழுந்ததும் மீன் எங்க போச்சு? நெறைய ஆளுங்க ஆத்துலயும் குட்டையிலயும் விட்டாங்க, பெரிய வாய் உள்ள மீனு, உள்ளூர் மீனுக்கு இது எமன். உகுலேலேவ ஸ்டோர் ரூம்ல போடலாம், உசுரு உள்ள ஹாபிய அப்படி விட முடியாது. என் மீன நான் ஒவ்வொன்னா தெரிஞ்சவங்க தொட்டிக்கு அனுப்புறதுக்கு ரெண்டு மாசம் ஆச்சு, அந்த ரெண்டு மாசம் ஆசையே இல்லாம தண்ணி மாத்தினதுதான் அந்த ஹாபில நான் செஞ்ச ஒழுங்கான வேலைன்னு சொல்லுவேன்.

அப்புறம் 2020 மார்ச் 18, எம்சிஓ, அதான் கோவிட் ஊரடங்கு. ஊரே வீட்டுக்குள்ள, எல்லாரும் செடி. கெலாடிக்கு, அதான் சேம்பு வகை அழகுச் செடிக்கு, அப்படி ஒரு கிராக்கி. அம்மா ஃபோன்ல வெலைய பாத்துட்டு "எஸ்டேட்ல கால்வா ஓரத்துல கெடந்த சேம்பிலைக்கா இவ்ளோ வெள்ளி?"ன்னு வாயில கை வச்சாங்க. நானும் அதுல பூந்து, பால்கனில கெலாடி, பக்கத்துலயே ஹைட்ரோபோனிக்ல சாவி, காங்கோங்னு கீரை, பாஜா ஏபின்னு ரெண்டு பாட்டில் உரத்த கலக்கி ஊத்தி நல்லா வந்துச்சு. பக்கத்து வீட்டு அக்கா காசு குடுத்து கீரை கேட்டாங்க, மேல் மாடியில இருந்து ரெண்டு பேரு, அப்புறம் ஆர்டர். அதுதான் அந்த ஹாபிய முடிச்சு வச்சுச்சு. 1973ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூனு பேரு நர்சரி புள்ளைங்கள வச்சு ஒன்னு பாத்தாங்க. ஆசையா படம் வரையிற புள்ளைங்கள்ல ஒரு பங்குக்கு வரைஞ்சா சர்ட்டிபிகேட்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. ரெண்டு வாரம் கழிச்சு யாரும் ஒன்னும் தராம சும்மா விட்டா, அந்தப் புள்ளைங்க மத்தவங்கள்ல பாதி நேரம்தான் வரைஞ்சுச்சாம். மூனு வெள்ளி கீரைக்கு நான் காலைல ஆறு மணிக்கு எந்திரிச்சு கட்டு கட்டினப்போ எனக்கு இது தெரியாது. ஆர்டர் நின்னதும் கீரை மேல இருந்த ஆசையும் நின்னுபோச்சு.

அப்போ ஏன் உடனே தூக்கிப் போடாம ஸ்டோர் ரூம்ல அடைக்கிறோம்? காசு போட்டுட்டோமேங்கிற வயித்தெரிச்சல்தான். ஆர்க்ஸ், பிளூமர்னு ரெண்டு பேரு 1985ல எழுதினது, நாடக சீசன் டிக்கெட்ட முழு வெலைக்கு வாங்கினவங்க, தள்ளுபடில கிடைச்சவங்கள விட சீசன் முதல் பாதில அதிக நாடகத்துக்குப் போனாங்க, ரெண்டாம் பாதில வித்தியாசம் காணாமப் போச்சு. போட்ட காசு நம்மள இழுத்துப் பிடிக்கும், ஆனா அதுக்கும் ஒரு தவணை இருக்கு. என் கேனிஸ்டர் ஃபில்டருக்கு தவணை ரெண்டு வருஷம்.

ஹாபி பத்தி ரொம்ப நாள் ஆராய்ச்சி பண்ணவரு கனடாவுல ராபர்ட் ஸ்டெபின்ஸ். 1982ல அவரு சும்மா பொழுதுபோக்கு வேற, சீரியஸா வருஷக்கணக்கா ஏறிப் போற ஓய்வு வேறன்னு பிரிச்சாரு. ரொம்ப வருஷம் கழிச்சு, 2005ல, மூனாவது ஒரு கட்டம் சேத்தாரு, ப்ராஜெக்ட் மாதிரி ஒரு தடவ எறங்கி செஞ்சு முடிச்சிட்டு வெளிய வர்றது. எனக்கு இந்த மூனாவது கட்டம் பெரிய ஆறுதல் லா. கல்யாண மண்டபத்துக்கு கோலம் போடுற மாதிரி, தைப்பூசத்துக்கு காவடி கட்டுற மாதிரி, முடிஞ்சா முடிஞ்சதுதான், அடுத்த நாள் ஏன் தொடரலன்னு யாரும் கேக்குறதில்ல. நாம தப்பு பண்றது எங்கன்னா, ப்ராஜெக்ட்ட வாழ்நாள் ஹாபின்னு குரூப்ல அறிவிச்சு, வாழ்நாளுக்கு சாமான் வாங்கிடுறோம்.

இப்போ அந்த டிடிஎஸ் மீட்டருக்கு வர்றேன். ஸ்டோர் ரூம்ல இருந்து வந்த சாமான்ல அது இல்ல, ஏன்னா அது சமையலறை டிராவுல இருக்கு. மீனுக்கு வாங்கினது, கீரைக்கு பாஜா கலக்கப் பயன்பட்டுச்சு, இப்போ என் புது ஹாபி காப்பிக்கு. பினாங்கு பைப் தண்ணி மென்மையான தண்ணி, கரைஞ்ச உப்பு கம்மி, எங்க வீட்ல மீட்டர் 46 காட்டுது, ஸ்பெஷல்டி காப்பி சங்கத்து பழைய அளவுகோல் 150 வேணும்னு சொல்லுது, சுண்ணாம்பு மெக்னீசியம் இல்லாத தண்ணில காப்பி சப்புன்னு இருக்கும். அதனால எப்சம் சால்ட், அதான் மெக்னீசியம் உப்பு, துளி சேத்து தண்ணி செய்யறாங்க. அந்த எப்சம் சால்ட்டும் பழைய ஆளுதான், மீனுக்கு வயிறு உப்பினா அதுல குளிக்க வைப்போம், செடி எலை மஞ்சளானா அதத்தான் ஊத்துவோம், காப்பிக்கு மட்டும் சாப்பிடுற தரத்துல வேற பாக்கெட் வாங்கினேன், பழைய பாக்கெட்ட காப்பில போட்றாதீங்க. இத எழுதுறப்போதான் எனக்கே ஒறைக்குது, எனக்கு மீனும் பெருசா புடிக்கல, கீரையும் புடிக்கல, காப்பிகூட ஒரு நாளைக்கு ஒன்னுதான். நான் ஏழு வருஷமா தண்ணியோடதான் வெளையாடிட்டு இருக்கேன். உகுலேலேயும் கேமராவும் ஏன் ரெண்டே மாசத்துல செத்துச்சுன்னும் புரியுது, அதுல தண்ணி இல்ல. கேமரா ஃபிலிம வீட்லயே கழுவியிருந்தா ஒருவேளை ஒட்டியிருப்பேனோ என்னவோ.

அப்பாகிட்ட இத சொன்னேன். ஹார்பர்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, அம்பது வருஷமா ஒரே ஹாபி, ஸ்டாம்ப். குடும்பத்துல என்னையும் அவரையும் நிக்க வச்சு ஒப்பிட்டுப் பேசுறது ஒரு வழக்கம். ஆனா ஆல்பத்த வரிசையா பொரட்டிப் பாத்தா அவரும் ஒரே எடத்துல நிக்கல. ஸ்கூல் பருவத்துல எந்த நாடா இருந்தாலும் சரி. அப்புறம் மலேசியா மட்டும். அப்புறம் 1965 ஆர்க்கிட், 1971 பட்டாம்பூச்சி, ஒரே படத்த ஒவ்வொரு மாநிலமும் தன் சின்னத்தோட போட்டது, அத மாநிலம் மாநிலமா தேடினாரு. அதுவும் முடிஞ்சதும் ஸ்டாம்ப விட்டுட்டு அது மேல போஸ்டாபீஸ்ல குத்துற முத்திரைக்குப் போயிட்டாரு, மூடிப்போன போஸ்டாபீஸ் முத்திரையா தேடுறாரு. 1867ல ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸுக்கு, அதான் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேந்த பிரிட்டிஷ் பகுதிக்கு, தனி ஸ்டாம்ப் வந்தப்போகூட இந்திய ஸ்டாம்ப் மேலயே கிரீடமும் சென்ட் கணக்கும் அடிச்சுத்தான் ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி இங்க வெறும் இந்திய ஸ்டாம்ப்தான், பினாங்குல அது மேல குத்தின முத்திரை நம்பர் பி 147. அந்த நம்பர் குத்தினது ஒன்னாவது கையில வரணும்னு இருக்காரு, இன்னும் புத்தகத்துல படம்தான். என் கணக்குல இது அஞ்சு ஹாபி, ஒரே அலமாரில இருக்கிறதால ஒன்னுன்னு பேரு. ஸ்டாம்புக்கு மாடி மேல மாடி இருக்கு, அவரு வீட்டுக்குள்ளயே குடி மாறிக்கிட்டாரு, நான் வீட்ட மாத்தினேன்.

இத கேட்டுட்டு அவரு ஒத்துக்கவும் இல்ல மறுக்கவும் இல்ல. அன்னிக்கு பழைய கவர்ல இருந்து ஸ்டாம்ப பிரிக்க தட்டுல தண்ணி ஊத்தி வச்சிருந்தாரு. நான் கொண்டு போயிருந்த, என் சட்டைப் பையில இருந்த மீட்டர காட்டி "இத இதுல விட்டா என்னடா காட்டும்?"னு கேட்டாரு. விட்டேன், 46. "அப்போ ஊற வச்ச பொறவு?" அரை மணி நேரம் ரெண்டு பேரும் தட்டு முன்னாடி ஒக்காந்திருந்தோம். 71. அப்பா கண்ணாடிய போட்டுக்கிட்டு, ஸ்டாம்ப் ஆல்பத்துக்குன்னு வச்சிருக்கிற சின்ன நோட்டுல அந்த ரெண்டு நம்பரையும் தேதி போட்டு எழுதினாரு, அப்புறம் அடுத்த கவர எடுத்தாரு.